துக்கியீமைத் தேடிப் போனால்: மூலமொழி வேதாகமக் கருவிகள் வேலை செய்யும் விதம்

1 இராஜாக்கள் 10:22-இல் சாலொமோனின் கப்பல்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு, மயில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வருகின்றன. தமிழில் 'மயில்கள்' என்றிருக்கும் இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் சொல் 'துக்கியீம்'. ஒருமையில் 'துக்கி'. இது நம் 'தோகை'யிலிருந்து போன சொல் என்று கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். ஒப்புக்கொள்ளாத அறிஞர்களும் உண்டு. அந்த விவாதம் இருக்கட்டும். இந்தச் சொல் வேதாகமத்தில் வேறெங்காவது வருகிறதா என்று நாமே பார்க்க ஆசைப்பட்டால் என்ன செய்வது?

எபிரெய வேதாகமத்தின் முழு உரையும் கணினிக் கோப்பாகக் கிடைக்கிறது. அதைத் திறந்து, அந்தச் சொல்லை நகலெடுத்துத் தேடு பெட்டியில் போட வேண்டியதுதானே என்று தோன்றும். போட்டால் ஒரே ஓர் இடம்தான் கிடைக்கும்: நாம் நகலெடுத்த அதே இடம். ஆனால் 2 நாளாகமம் 9:21-இலும் அதே கப்பல்கள், அதே மயில்கள். அங்கே அந்தச் சொல்லின் நடுவில் 'வாவ்' என்ற எழுத்து ஒன்று கூடுதலாக இருக்கிறது. 'உ' ஓசையைக் காட்ட அந்த எழுத்தைச் சேர்ப்பதும் விடுவதும் எபிரெயத்தில் சாதாரணம். வாசிக்கிறவருக்கு ஒரே சொல். கணினிக்கு இரண்டு வெவ்வேறு சொற்கள். போதாக்குறைக்கு, இரண்டு இடத்திலும் சொல்லின் முன்னால் 'வெ' என்று ஓர் ஒட்டு இருக்கிறது. நம்முடைய 'உம்' செய்கிற வேலையை அது செய்கிறது. அதனால் அகராதியில் உள்ளபடி 'துக்கி' என்று முழுச்சொல்லாகத் தேடினால் ஒன்றுமே கிடைக்காது.

இப்போது ஸ்டெப் பைபிள் போன்ற ஒரு தளத்தில் அதே வசனத்தைத் திறந்து, அந்தச் சொல்லைத் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஒரு சிறு பலகை விரியும். சொல்லின் அகராதி வடிவம், பொருள், அது வரும் மற்ற இடங்கள் எல்லாம் அதில் இருக்கும். 2 நாளாகமமும் தவறாமல் இருக்கும். தளம் இதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் 'இது இன்ன சொல்' என்று யாரோ முன்பே குறித்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கருவிகளின் உயிர் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. திரையில் தெரியும் வண்ணமும் பொத்தானும் அதற்குப் பிறகு வருபவை.

அப்படிக் குறிக்கும் பழக்கம் கணினிக்கும் முந்தியது. ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட, ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதியில் எபிரெயச் சொற்களுக்கு 1 முதல் 8,674 வரையும், கிரேக்கச் சொற்களுக்கு 1 முதல் 5,624 வரையும் எண் கொடுத்தார். 'துக்கி'யின் எண் 8500. எபிரெய எழுத்தே தெரியாதவர்கூட அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போகலாம். இன்றைக்கும் பல தளங்களின் அடியில் ஓடுவது அந்த எண்தான்.

ஆனால் எண் என்பது பொருள் அல்ல. 'பாரா' என்ற வினையின் எண் 1254. ஆதியாகமம் 1:1-இல் அது 'சிருஷ்டித்தார்'. யோசுவா 17:15-இல் காட்டை வெட்டித் திருத்தச் சொல்லும்போதும் ஸ்ட்ராங் கணக்கில் அதே எண்தான். இரண்டும் வெவ்வேறு வினைகள் என்று கருதி, பிற்காலத்தில் தரவு தயாரித்தவர்கள் அந்த எண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்த்துப் பிரித்திருக்கிறார்கள். எண்ணை மட்டும் நம்பி, 'இந்தச் சொல்லின் மூலப்பொருள் இதுதான்' என்று முடிவு கட்டினால் தடம் மாறிவிடும்.

ஏழு சொற்களா, பதினொன்றா?

ஆதியாகமத்தின் முதல் வசனத்தை வைத்துக்கொண்டு இந்தக் குறிப்பு எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்கலாம். எபிரெயத்தில் அது இப்படி ஒலிக்கும்: 'பெரேஷித் பாரா எலோஹிம் எத் ஹஷ்ஷாமாயிம் வெஎத் ஹாஆரெத்ஸ்'. தமிழில் 'ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்.' அங்கே ஏழு சொல், இங்கே ஐந்து.

முதல் சொல்லிலேயே சிக்கல் தொடங்குகிறது. 'பெரேஷித்' என்பதில் 'ரேஷித்' என்றால் தொடக்கம். முன்னால் ஒட்டியிருக்கும் 'பெ' என்பது 'இல்'. நமக்கு வேற்றுமை உருபு சொல்லின் வாலில் ஒட்டும், அவர்களுக்குத் தலையில். இதை ஒரு சொல்லாக எண்ணுவதா, இரண்டாகவா? எபிரெய உரைக்குச் சொல் சொல்லாகக் குறிப்பு எழுதிய ஓபன் ஸ்க்ரிப்ச்சர்ஸ் குழுவின் தரவு ஒரே சொல்லாக வைத்து, உள்ளே ஒரு சாய்கோடு போட்டுப் பிரிக்கிறது. ஆம்ஸ்டர்டாம் விரிஜே பல்கலைக்கழகத் தரவு தனித்தனிச் சொல்லாகவே எண்ணுகிறது. அந்தக் கணக்குப்படி இந்த வசனத்தில் 11 சொற்கள். முழு எபிரெய வேதாகமத்தில் சுமார் 4,26,000. ஒட்டுகளைப் பிரிக்காமல் எண்ணினால் சுமார் 3 லட்சம்தான். இரண்டு தளங்களில் சொல் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்றால் யாரும் தப்பாக எண்ணிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. 'சொல்' என்றால் என்ன என்பதற்கு அவர்கள் வெவ்வேறு பதில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்து 'பாரா'. ஓபன் ஸ்க்ரிப்ச்சர்ஸ் தரவில் இதற்குப் பக்கத்தில் ஏழே எழுத்தில் ஒரு குறியீடு இருக்கிறது. முதல் எழுத்து, மொழி எபிரெயம் என்கிறது. தானியேல், எஸ்றா நூல்களில் அராமிய மொழிப் பகுதிகள் உண்டு என்பதால் இது தேவை. அடுத்தது வினைச்சொல் என்கிறது. அப்புறம் வினையின் அடிப்படை வடிவம், முற்றுப்பெற்ற செயல், படர்க்கை, ஆண்பால், ஒருமை. அதாவது ஒரு மாணவர் ஐந்து நிமிடம் யோசித்துச் சொல்ல வேண்டிய இலக்கணத்தை ஏழு எழுத்தில் மடித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் தொட்டதும் கருவி அதை விரித்துக் காட்டுகிறது.

இங்கே தமிழர் மட்டும் சட்டென்று ரசிக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. 'எலோஹிம்' என்பது வடிவத்தில் பன்மை; ஆனால் அதன் வினையான 'பாரா' ஒருமை. தமிழில் நேர் எதிர்: 'தேவன்' ஒருமை, 'சிருஷ்டித்தார்' என்பதில் மரியாதைக்காக வந்த பலர்பால் விகுதி. இரண்டு மொழியிலும் எழுவாயும் பயனிலையும் எண்ணில் பொருந்தவில்லை. இரண்டிலும் வாசகர் குழம்புவதும் இல்லை.

அடுத்த சொல் 'எத்'. ஆங்கில மொழிபெயர்ப்பை வரிக்குக் கீழே வரியாகப் போட்டிருக்கும் தளங்களில் இந்த இடம் பெரும்பாலும் காலியாகவோ ஒரு சிறு கோடாகவோ இருக்கும், ஏனென்றால் ஆங்கிலத்தில் அதற்கு இணை இல்லை. நமக்கு இருக்கிறது. அது செயப்படுபொருளைக் காட்டும் சொல், அதாவது நம் 'ஐ'. இன்னது என்று சுட்டிச் சொல்லும் பொருளுக்குத்தான் 'எத்' வரும். தமிழிலும் 'மரம் வெட்டினான்' என்பதற்கும் 'மரத்தை வெட்டினான்' என்பதற்கும் அப்படியொரு வேறுபாடு உண்டு. 'வானத்தையும்' என்ற ஒரே சொல்லுக்குள் 'எத்' இருக்கிறது, 'ஷாமாயிம்' இருக்கிறது. தமிழ் வாசகருக்கு எபிரெயத்தை ஆங்கிலம் வழியாக விளக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுதான் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான். தமிழையும் எபிரெயத்தையும் நேருக்கு நேர் வைக்கும் கருவி நமக்கு வேண்டும்.

ஒரே தோற்றம், வேறு எழுத்து

எழுத்து விஷயத்துக்கு வருவோம். எபிரெயத்தில் மெய்யெழுத்துகள்தான் வரிசையாக நிற்கும். உயிரோசைகள் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் மேலும் கீழும் உள்ளேயும் ஒட்டும். அவற்றோடு ஓதும் ராகத்துக்கான குறிகளும் உண்டு. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி எண். 'பெரேஷித்'தின் முதல் எழுத்தை எடுத்தால்: 'பேத்' என்ற மெய், அதன் வயிற்றில் ஒரு புள்ளி, அடியில் இரண்டு புள்ளி. மூன்று எண்கள். வயிற்றுப் புள்ளியை முதலில் அடித்தாலும் அடிப்புள்ளியை முதலில் அடித்தாலும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்; கோப்பில் இரண்டும் வேறு. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது.

தமிழில் கணினி வேலை செய்தவர்களுக்கு இது பழகிய தொல்லை. 'கொ' என்பதை 'க'வோடு ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம். 'க'வோடு எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றே. தீர்வும் ஒன்றே: உரையையும் தேடும் சொல்லையும் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். இதற்கு யூனிகோடிலேயே விதிமுறை இருக்கிறது. பெரும்பாலான நிரல்மொழிகளில் ஒரு வரியில் செய்துவிடலாம். கூடவே, புள்ளிகள் எல்லாவற்றையும் நீக்கிய இன்னொரு பிரதியைத் தேடலுக்கென்றே வைத்துக்கொள்வது நல்லது. தொடக்கநிலை மாணவர் புள்ளி வைத்து அடிக்க மாட்டார். கிரேக்கத்திலும் உச்சரிப்புக் குறிகளுக்கு இதே வைத்தியம்.

எபிரெயம் வலமிருந்து இடம் ஓடும் மொழி என்பதையும் மறக்கக்கூடாது. தமிழ் வாக்கியத்தின் நடுவே எபிரெயச் சொல்லைப் போட்டால் வசன எண்ணும் அடைப்புக்குறியும் இடம் மாறி உட்காரும். எபிரெயம் வரும் ஒவ்வொரு துண்டுக்கும் திசையைத் தனியாக அறிவித்துவிட்டால் போதும்.

எந்த உரை, எந்த எண்?

'மூலம்' என்று சொல்கிறோம். ஆனால் மோசே எழுதிய ஏடோ பவுல் எழுதிய கடிதமோ நம் கையில் இல்லை. இருப்பவை கையெழுத்துப் பிரதிகள். எபிரெயத்துக்குப் பெரும்பாலான தளங்கள் எடுத்துக்கொள்வது லெனின்கிராட் பிரதி. 1008-ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் எழுதப்பட்டது. இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டுக்கு ஒற்றைப் பிரதி என்று கிடையாது. பல பிரதிகளை ஒப்பிட்டுத் தயாரித்த பதிப்புகள் உண்டு. சுமார் 1,38,000 சொற்கள்.

இதில் தமிழ் வாசகர் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் அப்போஸ்தலர் 8:37 இருக்கிறது. 2010-இல் வந்த எஸ்பிஎல் (வேதாகம இலக்கியச் சங்கம்) கிரேக்கப் பதிப்பில் அந்த வசனம் இல்லை. 36-க்குப் பிறகு 38. கருவி ஒன்றும் சொல்லாமல் அங்கே வெற்றிடத்தைக் காட்டினால், வாசகர் 'தளம் கெட்டுப்போயிருக்கிறது' என்றோ 'வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள்' என்றோ நினைப்பார். இரண்டுமே அநியாயம். 'பழைய கையெழுத்துப் பிரதிகள் பலவற்றில் இந்த வசனம் இல்லை' என்று ஒரு வரி அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். கருவி செய்கிறவரின் நேர்மை இங்கேதான் வெளிப்படும் என்பது என் எண்ணம்.

வசன எண்களும் ஒத்துப்போகாது. தமிழில் மல்கியாவுக்கு 4 அதிகாரம், எபிரெயத்தில் 3. யோவேலுக்குத் தமிழில் 3, எபிரெயத்தில் 4. சங்கீதங்களில் தலைப்பையும் எபிரெயம் வசனமாக எண்ணும். 'சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்' என்பது நமக்கு சங்கீதம் 51:10; எபிரெயத்தில் 51:12. தாவீது அங்கே கேட்பதும் அதே 'பாரா' என்ற வினையால்தான். ஆதியாகமத்தையும் இந்தச் சங்கீதத்தையும் ஒரே சொடுக்கில் இணைத்துக் காட்டுவது எவ்வளவு அழகான காரியம்! எண் மாற்று அட்டவணை இல்லையென்றால் அந்தச் சொடுக்கு வேறொரு வசனத்தில் கொண்டுபோய் விடும்.

தமிழைப் பொருத்துவது

எபிரெய அல்லது கிரேக்க வரிக்குக் கீழே சொல்லுக்குச் சொல் தமிழைப் போட்டால் என்ன? யோவான் 3:16-ஐப் பாருங்கள். கிரேக்கம் 'இவ்வளவாய்' என்ற சொல்லோடு தொடங்குகிறது. அடுத்த சில சொற்களுக்குள் 'அன்புகூர்ந்தார்', 'தேவன்', 'உலகம்' எல்லாம் வந்துவிடும். தமிழில் 'தேவன்' முதலில் நிற்க, 'இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்' வசனத்தின் கடைசியில் வருகிறது. நடுவில் இருப்பதெல்லாம் தலைகீழ். அடியில் அடி வைத்தால் படிக்கவே முடியாது.

அதற்கு மாற்று, இரண்டு உரையையும் அதனதன் இயல்பான வரிசையிலேயே காட்டி, ஒன்றைத் தொட்டால் மற்றதில் இணையான சொல் ஒளிரும்படி செய்வது. அடியில் இருப்பது ஓர் எளிய பட்டியல்தான்: கிரேக்கத்தின் முதல் சொல்லுக்குத் தமிழில் இன்ன சொல், இரண்டாவதற்கு இன்ன சொல் என்று. கணினி ஓரளவு ஊகித்துத் தரும். ஆனால் 'வானத்தையும்' போன்ற சொல்லுக்குள் எது எதற்கு இணை என்று பிரித்துச் சரிபார்க்கத் தமிழும் மூலமொழியும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். பொறுமையான வேலை. சபையில் எபிரெயம் படித்த ஒருவரும் நிரல் எழுதத் தெரிந்த ஒருவரும் சேர்ந்தால் நடக்கும்.

கருவி எங்கே நிற்க வேண்டும்?

யோவான் 21-ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுந்த இயேசு பேதுருவை மூன்று முறை கேட்கிறார். முதல் இரண்டு முறை கிரேக்கத்தில் 'அகபாவோ' என்ற வினை. மூன்றாம் முறை 'ஃபிலேயோ'. பேதுரு மூன்று முறையும் 'ஃபிலேயோ' என்றே பதில் சொல்கிறார். தமிழ் மொழிபெயர்ப்பு இதை விடாமல் காத்திருக்கிறது: 'அன்பாயிருக்கிறாயா' என்று இரண்டு முறை, 'நேசிக்கிறாயா' என்று ஒரு முறை. இதிலிருந்து, அகபாவோ தெய்வீக அன்பு, ஃபிலேயோ அதற்குக் கீழான நட்பு என்று பிரசங்கம் கேட்டிருப்போம்.

கருவியில் அந்த இரண்டு சொற்களையும் யோவான் நூல் முழுக்கத் தேடுங்கள். 3:35-இல் பிதா குமாரனில் அன்பாயிருப்பது அகபாவோ. 5:20-இல் அதே பிதா அதே குமாரனிடத்தில் அன்பாயிருப்பது ஃபிலேயோ. 'இயேசுவுக்கு அன்பான சீஷன்' 13:23-இல் அகபாவோ, 20:2-இல் ஃபிலேயோ. அப்படியானால் யோவான் இரண்டையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றி எழுதுகிறாரா? அல்லது 21-ஆம் அதிகாரத்தில் மட்டும் ஏதோ நுட்பம் வைத்திருக்கிறாரா? அறிஞர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். கருவி சாட்சிகளை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தலாம், தீர்ப்பு எழுதக்கூடாது. சொல்லைத் தொட்டதும் 'தெய்வீக அன்பு' என்று ஒற்றை வரி காட்டும் தளம், படிப்பவரின் தேடலை அங்கேயே முடித்துவிடுகிறது. பொருளுக்குப் பக்கத்தில் அந்தச் சொல் வரும் வசனங்களையும் காட்டும் தளமே படிக்கக் கற்றுக்கொடுக்கிறது.

'தூனமிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் இது பொருந்தும். ரோமர் 1:16-இல் 'தேவபெலன்' என்பதில் உள்ள பெலன் அதுதான். அதிலிருந்து 'டைனமைட்' வந்தது, ஆகவே சுவிசேஷம் ஒரு வெடிமருந்து என்று விளக்குவார்கள். நோபல் அந்தப் பெயரை வைத்தது 1867-இல். பவுலுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

தொடங்க நினைப்பவருக்கு

பயன்படுத்திப் பார்க்க, கேம்பிரிட்ஜின் டின்டேல் ஹவுஸ் ஆய்வு மையத்தில் உருவான ஸ்டெப் பைபிள் எளிமையானது, இலவசம். இலக்கணத்தையே பயிற்சிக் கேள்விகளாக்கிக் கற்றுக்கொள்ள பைபிள் ஆன்லைன் லேர்னர் இருக்கிறது. அதற்கு எபிரெயத் தரவு வருவது ஆம்ஸ்டர்டாமிலிருந்து. ஏப் தால்ஸ்ட்ரா 1977-இல் அங்கே தொடங்கிய பணியின் பலன் அது. சொல்லோடு நிற்காமல் வாக்கிய அமைப்பையும் குறித்திருக்கிறார்கள். 'பாராவின் அடிப்படை வினை வடிவத்துக்கு எழுவாயாகக் கடவுளைத் தவிர வேறு யாராவது வருகிறார்களா?' என்று அதில் கேட்கலாம். யாரும் வருவதில்லை.

செய்து பார்க்க ஆசையா? முதலில் உரிமத்தைப் பாருங்கள். ஓபன் ஸ்க்ரிப்ச்சர்ஸ் எபிரெயத் தரவையும் எஸ்பிஎல் கிரேக்க உரையையும் பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம். ஆம்ஸ்டர்டாம் தரவை வணிக நோக்கில்லாமல் பயன்படுத்தலாம். அறிஞர்கள் அதிகம் கையாளும் கிரேக்கப் புதிய ஏற்பாடான நெஸ்லே-ஆலந்து 28-ஆம் பதிப்பு ஜெர்மன் வேதாகமச் சங்கத்தின் காப்புரிமை, அனுமதியின்றித் தொடக்கூடாது. தமிழுக்கு, கட்டற்ற உரிமத்தில் வெளிவந்திருக்கும் இந்தியன் ரிவைஸ்டு வெர்ஷன் மொழிபெயர்ப்பு உதவும்.

கிரேக்கத்துக்கு மார்ஃப்ஜிஎன்டி என்ற தரவைத் திறந்தால் பயம் போய்விடும். நூலுக்கு ஒன்றாக 27 கோப்பு. வரிக்கு ஒரு சொல். வரியில் ஏழு பகுதி. முதல் பகுதி இடம்: 040316 என்றால் நான்காம் நூலான யோவான், 3-ஆம் அதிகாரம், 16-ஆம் வசனம். அப்புறம் சொல்வகை, இலக்கணக் குறியீடு, உரையில் உள்ள வடிவம், நிறுத்தக்குறி நீக்கிய வடிவம், ஒழுங்குபடுத்திய வடிவம், கடைசியில் அகராதி வடிவம். இதை ஒரு சிறு தரவுத்தளத்தில் ஏற்றி, சொல்லைத் தொட்டால் அந்த வரியைக் காட்டச் செய்தால் கருவி பிறந்துவிட்டது. கைப்பேசிக்கும் பாரமில்லை.

எபிரெயத்தில் என்றால் ரூத்தோடு தொடங்குங்கள். நாலே அதிகாரம், 85 வசனம். 'ஹெஸெத்' (மாறாத தயவு) என்ற அருமையான சொல் 1:8, 2:20, 3:10 ஆகிய மூன்று இடங்களில் வருகிறது. நகோமி சொல்வதும் போவாஸ் சொல்வதும் ஒரே சொல் என்பதை உங்கள் கருவியே முதல் நாளில் காட்டிவிடும். 3:5-க்கு வந்ததும் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கும். ரூத் மாமியாருக்குச் சொல்லும் பதிலில் 'எனக்கு' என்று ஒரு சொல் வாசிக்கப்படுகிறது. ஆனால் அங்கே மெய்யெழுத்துகள் எழுதப்படவில்லை. வெறும் உயிர்ப்புள்ளிகள் மட்டும் இடைவெளியில் நிற்கின்றன. வாசிக்க வேண்டிய எழுத்துகள் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றன. எழுதப்படாத அந்தச் சொல்லுக்கு உங்கள் அட்டவணையில் ஒரு வரி கொடுப்பீர்களா, வாசகர் அந்த வெற்றிடத்தைத் தொட்டால் என்ன காட்டுவீர்கள் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டு 3:6-க்குப் போங்கள்.